முப்பத்தாறு கண்ணிகள்

வெட்டிய நுங்கை மேசைமேல் வைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். கறுத்த தொலி, மேலே சீவிய வெள்ளை, அதில் மூன்று கண். கையில் எடுத்தால் எடையே இல்லை. அத்தனையும் நூல். குரோஷே ஊசியால் பின்னிய நுங்கு அது.

நாகர்கோவில் வடசேரி பஸ் நிலையத்திலிருந்து ஆட்டோவில் பத்து நிமிடம் போனால் அந்த வீடு. பின்னியவருக்கு முப்பத்திரண்டு வயது. இரண்டு பிள்ளைகளையும் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, அவர்கள் திரும்பும்வரை ஊசியும் நோட்டுமாக உட்காருகிறவர். "என் பேரு பேட்டர்ன் தாள்ல இருந்தா போதும்க்கா, பத்திரிகையில வேண்டாம்" என்று முதலிலேயே கேட்டுக்கொண்டார். அதனால் இங்கே அவர் பெயர் இல்லை.

குரோஷே பொம்மை பின்னுகிறவர்கள் இன்று ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஜப்பானியர் அமிகுருமி என்று சொல்லும் பஞ்சடைத்த கரடியும் ஆக்டோபஸும் எல்லாக் கைவினைக் கண்காட்சிகளிலும் தொங்குகின்றன. அவற்றில் பெரும்பாலானவை எங்கோ யாரோ போட்ட கணக்கைப் பார்த்துப் பின்னியவை. அந்தக் கணக்கைத் தானே போடுகிற ஒருவர் இங்கே இருக்கிறார், அதையும் தமிழில் எழுதுகிறார் என்று கேள்விப்பட்டுத்தான் மதுரையிலிருந்து கிளம்பிப் போனேன்.

பேட்டர்ன் என்பதைப் பின்னாதவர்களுக்குச் சமையல் குறிப்பு என்று சொல்லிப் புரியவைக்கலாம். ஆனால் சமையலில் உப்பு ஒரு சிட்டிகை கூடினால் சமாளித்துக்கொள்ளலாம். இங்கே மூன்றாம் சுற்றில் ஒரு கண்ணி விட்டுப்போனால் பத்தாம் சுற்றில் பொம்மையின் கழுத்து கோணிக்கொள்ளும். எத்தனை கண்ணி, எந்தக் கண்ணிக்குள் ஊசி நுழைய வேண்டும், எங்கே கூட்ட வேண்டும், எங்கே குறைக்க வேண்டும் என்று ஒவ்வொரு சுற்றுக்கும் எழுதியாக வேண்டும். எழுதியவரைப் பார்த்தே இராத ஒரு பெண், அந்தத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு அதே பொருளைச் செய்துவிட வேண்டும். அந்தக் காரியத்துக்குத்தான் பேட்டர்ன் என்று பெயர்.

ஆங்கிலத்தில் இருக்கும் பேட்டர்ன்களில் இன்னொரு வம்பும் உண்டு. அமெரிக்கர்கள் சிங்கிள் குரோஷே என்று எழுதுவதைப் பிரிட்டிஷ்காரர்கள் டபுள் குரோஷே என்று எழுதுவார்கள். அமெரிக்கர்களின் டபுள், பிரிட்டிஷ்காரர்களுக்கு டிரெபிள். "கான்வென்ட்ல சிஸ்டர்கிட்ட படிச்ச எங்க அத்தை ஒண்ணு சொல்வாங்க, நான் வீடியோல பாத்து வேற ஒண்ணு சொல்வேன். ரெண்டு பேரும் ஒரே கண்ணியத்தான் போட்டுட்டிருப்போம்" என்றார். அந்தக் குழப்பத்தில்தான் அவருடைய தமிழ் நோட்டு தொடங்கியிருக்கிறது.

நோட்டைப் பிரித்துக் காட்டினார். கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டு. முதல் பக்கத்தில் குறியீடுகள்: ச என்றால் சங்கிலி, ஒ என்றால் ஒற்றைக் கண்ணி, இ என்றால் இரட்டை, கூ என்றால் கூட்டு, அதாவது ஒரே கண்ணிக்குள் இரண்டு போடுவது. கு என்றால் குறை, இரண்டைச் சேர்த்து ஒன்றாக்குவது. அடுத்த பக்கத்தில் இப்படி இருந்தது:

சுற்று 1: வளையத்துக்குள் 6 ஒ = 6
சுற்று 2: கூ × 6 = 12
சுற்று 3: (1 ஒ, 1 கூ) × 6 = 18
சுற்று 4: (2 ஒ, 1 கூ) × 6 = 24

பார்த்ததும் எனக்கு என் அம்மாவின் கோல நோட்டு நினைவுக்கு வந்தது. அதிலும் இப்படித்தான், "இடுக்குப் புள்ளி, 7இல் ஆரம்பம், 4இல் முடிவு" என்று ஒற்றை வரி இருக்கும். அது போதும், யார் வீட்டு வாசலிலும் அந்தக் கோலம் விழும். அவருடைய குரோஷே நோட்டின் பின்னட்டையில் அந்தப் புள்ளிகளை வைத்துக் காட்டினேன். நடுவரிசையில் 7, அதன் இரு பக்கமும் 6, 5, 4. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தவர், நடுப்புள்ளியில் பேனாவை வைத்து வெளிப்பக்கமாக எண்ண ஆரம்பித்தார். நடுவில் 1. அதைச் சுற்றி 6. அதைச் சுற்றி 12. அதற்கும் வெளியே 18.

"அக்கா, இதுவும் ஆறு ஆறாத்தான் கூடுது!"

சிறு வயதிலிருந்து போடும் கோலம்தான், எனக்கும் அது அன்றைக்குத்தான் உறைத்தது. ஒற்றைக் கண்ணியில் தட்டையான வட்டம் வேண்டுமென்றால் சுற்றுக்கு ஆறு கூட்ட வேண்டும். கூட்டும் இடம் ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றின்மேல் ஒன்றாக வந்தால் வட்டம் அறுகோணமாகிவிடும், இடுக்குப் புள்ளிக் கோலம் நிற்பதைப்போலவே. அதனால் பேட்டர்ன் எழுதுகிறவர் ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று கூட்டும் இடத்தைத் தள்ளிவைப்பார். அவர் நோட்டிலும் நான்காம் சுற்றை அடித்துவிட்டு, "1 ஒ, 1 கூ, 1 ஒ" என்று பச்சை மையில் திருத்தியிருந்தது.

ஆறுக்குக் குறைவாகக் கூட்டினால் வட்டம் கிண்ணமாகக் குவியும். அதிகமானால் ஓரம் அலை அலையாகச் சுருளும். அந்தச் சுருளலைக் கொண்டுதான் 1997இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டைனா டைமினா என்ற லாட்விய நாட்டுக் கணிதப் பேராசிரியை, ஹைப்பர்பாலிக் தளம் என்ற வடிவத்தை மாணவர்கள் கையில் பிடித்துப் பார்க்கும்படி குரோஷேயில் பின்னிக் காட்டினார். காகிதத்தில் செய்தது கிழிந்துகொண்டே இருந்தது, நூலில் நின்றது. பின்னுகிற பெண்களைப் பார்த்து "பொழுதுபோக்கு" என்று சொல்கிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

நுங்குக்கு வருகிறேன். ஊரில் கிடைக்காத பென்குயினையும் யூனிகார்னையும் எத்தனை நாள் பின்னுவது என்று அவருக்கு ஒரு சலிப்பு. கோடையில் வீட்டு வாசலில் பனங்காய்க் குலையை இறக்கிவைத்து வெட்டிக் கொடுத்த வியாபாரியைப் பார்த்ததும் யோசனை வந்ததாம். நான்கு நுங்கு வாங்கினார். மூன்றைப் பிள்ளைகள் தின்ன, ஒன்றை வெட்டிய கோலத்திலேயே எதிரில் வைத்துக்கொண்டு, வாடுவதற்குள் அளவெடுத்தார்.

கடினமான இடம் மேல்பக்கம். மூன்று கண்ணும் குழிந்து நிற்க வேண்டும், ஆனால் மூன்றும் ஒரே தட்டில் இருக்க வேண்டும். முதலில் ஒரே வட்டமாகப் பின்னி மேலே மூன்று பொட்டு தைத்துப் பார்த்தார். பட்டன் மாதிரி இருந்தது, பிரித்துப்போட்டார். பிறகு மூன்று சின்ன வட்டங்களைத் தனித்தனியாக, ஒவ்வொன்றும் 18 கண்ணி வரும்வரை, உட்பக்கம் குழியும்படி பின்னிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மூன்று வட்டம் சேர்ந்தால் நடுவில் முக்கோணமாக ஓர் ஓட்டை விழும். அதை அடைக்க ஒவ்வொரு வட்டத்திலிருந்தும் 2 கண்ணி. பக்கத்து வட்டங்களோடு இணைக்க, பக்கத்துக்கு 2 வீதம் 4 கண்ணி. ஆக ஒரு வட்டத்தில் மீதம் 12. மூன்றுக்கும் சேர்த்து வெளிவிளிம்பில் 36. கீழே கறுப்பு நூலில் பின்னி வரும் தொலியும் ஆறாம் சுற்றில் சரியாக 36. இரண்டும் கண்ணிக்குக் கண்ணி பொருந்துகிறது.

இதைச் சொல்லும்போது அவர் விரல் அந்த நுங்கின் விளிம்பில் ஓடிக்கொண்டிருந்தது. 2.5 மில்லிமீட்டர் ஊசியில் இறுக்கிப் பின்னிய பருத்தி நூல், பஞ்சு வெளியே எட்டிப் பார்க்காத இறுக்கம். சுற்று தொடங்கும் இடத்தைத் தெரிந்துகொள்ள ஓர் ஊக்கு குத்தியிருந்தது. விலைக்கு வாங்கும் மார்க்கர் அவரிடம் இல்லை, ஊக்கே போதும் என்கிறார்.

கணக்கு பொருந்தியதும் பேட்டர்ன் முடிந்துவிடவில்லை. எழுதிய தாளை ஐந்து பெண்களுக்கு அனுப்புகிறார். அவர்கள் டெஸ்டர்கள். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், கல்லூரி மாணவி ஒருவர், வளைகுடாவில் செவிலியராக இருக்கும் தோழி ஒருவர், இடதுகைப் பழக்கம் உள்ள ஒருவர், ஊசி பிடித்து மூன்றே மாதமான ஒருவர். நுங்குத் தாளைப் பார்த்துப் பின்னிய ஆசிரியை, விளிம்பில் 42 கண்ணி வருகிறது, ஓரம் சுருள்கிறது என்று எழுதினாராம். அரை நாள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகுதான் பிழை பிடிபட்டது. "பக்கத்து வட்டத்தோடு சேர்த்துத் தைக்கவும்" என்று எழுதியிருந்தாரே தவிர, எத்தனை கண்ணி என்று எழுதவில்லை. ஆசிரியை பக்கத்துக்கு ஒன்றுதான் சேர்த்திருக்கிறார். வட்டத்துக்கு 14, மூன்றுக்கு 42.

"என் கைக்குத் தெரிஞ்சிருந்துச்சு. தாளுக்குத் தெரியல" என்றார். எழுதுகிற தொழிலில் இருக்கும் நானும் அதை என் நோட்டில் குறித்துக்கொண்டேன்.

பேசிக்கொண்டிருக்கையில் உள்ளறையிலிருந்து அவருடைய பாட்டி வந்து உட்கார்ந்தார். எண்பது தாண்டியவர். அவர் காலத்தில் குரோஷேயைவிடத் தலையணை ரேந்தைதான் வேலை. உருண்டைத் தலையணைமேல் ஓட்டை குத்திய அட்டையை வைத்து, ஓட்டைக்கு ஓர் ஊசி குத்தி, மரக்குச்சிகளில் சுற்றிய நூலை ஜோடி ஜோடியாக மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது. நாகர்கோவிலுக்கு அந்த வேலை வந்து இருநூறு வருடம் ஆகிறது. லண்டன் மிஷன் ஊழியர் சார்லஸ் மால்ட்டும் மனைவி மார்த்தாவும் 1819இல் இங்கே வந்தார்கள். மார்த்தா தன் பெண்கள் பள்ளியில் 1820களில் ரேந்தை பின்னச் சொல்லிக்கொடுத்தார். அந்தக் கூலியைச் சேர்த்துக் கொடுத்துத் தங்களை அடிமைத்தனத்திலிருந்து மீட்டுக்கொண்ட பெண்கள் உண்டு என்று மிஷன் வரலாறுகள் சொல்கின்றன. அந்த வேலையின் பெருமை அது, அதை யாரும் குறைத்துப் பேச முடியாது.

பாட்டியிடம், நீங்களாக ஏதாவது டிசைன் போட்டதுண்டா என்று கேட்டேன்.

"டிசைன் அட்டையிலல்லா இருக்கும் மக்களே. அட்டை அவங்களுக்கு உள்ளது. பின்னி முடிச்சா ரேந்தையோட அட்டையையும் திருப்பிக் குடுக்கணும்."

ஆந்திராவில் நர்சாபூர் குரோஷே லேஸ் பின்னும் பெண்களைப் பற்றி ஜெர்மானியச் சமூகவியலாளர் மரியா மீஸ் 1982இல் ஒரு புத்தகம் எழுதினார். அங்கே ஒருத்தி பூ மட்டும் போடுவாள், இன்னொருத்தி பூக்களை இணைப்பாள். முழு விரிப்பும் கணக்கும் வியாபாரியின் கையில். உலகச் சந்தைக்குப் பின்னிய அந்தப் பெண்களை "வீட்டில் சும்மா இருப்பவர்கள்" என்றே ஊர் கணக்கிட்டது என்பது அவர் கண்டது. மறுபுறம், 1840களிலேயே லண்டனில் எலினோர் ரியேகோ த லா பிரான்ஷார்டியேர் என்ற பெண், தன் பெயரைப் போட்டுக் குரோஷே பேட்டர்ன் புத்தகங்களை வரிசையாக வெளியிட்டிருக்கிறார். பஞ்சத்தில் தவித்த அயர்லாந்துப் பெண்கள் குரோஷே லேஸ் பின்னிப் பிழைத்ததும் அந்தக் காலத்தில்தான். பேட்டர்ன் எழுதியவரின் பெயர் நின்றது, பின்னிய பெண்களின் பெயர் நிற்கவில்லை. பேத்தியின் நோட்டை நான் பெரிதாக நினைப்பது இதனால்தான். பாட்டி திருப்பிக் கொடுத்த அட்டையைப் பேத்தி தானே எழுதுகிறார். தாளின் அடியில் அவர் பெயர், தேதி, சரிபார்த்த ஐந்து பேரின் பெயரும் இருக்கின்றன.

நுங்கைப் பின்னிக் கொடுத்தால் 450 ரூபாய் கேட்கிறார். ஒரு நாள் வேலை. அதற்கும் பேரம் நடக்கிறது. பேட்டர்ன் 120 ரூபாய். அதன் முதல் பக்கத்தில், பின்னிய பொம்மையைத் தாராளமாக விற்றுக்கொள்ளலாம், தாளை மட்டும் பிரதி எடுத்துக் கொடுக்க வேண்டாம் என்று எழுதியிருக்கிறார். எளிய பேட்டர்ன்கள் நான்கை இலவசமாகவே கொடுக்கிறார். எல்லாவற்றையும் விலைக்கு வைத்தால் புதிதாக ஊசி பிடிக்கும் பிள்ளை எங்கே போகும் என்பது அவர் கேள்வி.

ஆனாலும் தாள் கைமாறத்தான் செய்கிறது. அவருடைய மாம்பழப் பேட்டர்னை, அடியில் இருந்த பெயரை மட்டும் வெட்டிவிட்டு, ஒருவர் பத்து ரூபாய்க்கு விற்றிருக்கிறார். அதை வாங்கியவர் சந்தேகம் கேட்டு இவரிடமே வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதிய பேட்டர்னும் வரைந்த படமும் எழுதியவருக்குச் சொந்தம். பதிவு செய்யாவிட்டாலும் அந்த உரிமை உண்டு, அவர் ஆயுளுக்குப் பிறகும் 60 வருடம் இருக்கும். ஒற்றைக் கண்ணி யாருக்கும் சொந்தமில்லை. நுங்கைப் பின்னலாம் என்ற யோசனைக்கும் உரிமை கொண்டாட முடியாது. அந்தத் தாளில் அவர் எழுதியது அவருடையது. 120 ரூபாய்த் தாளுக்காக வக்கீல் வீட்டுப் படி ஏற முடியுமா என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. வாங்குகிறவர்களின் நேர்மையை நம்பித்தான் இந்தத் தொழில் நிற்கிறது.

தமிழ்நாட்டில் பின்னும் கைகளுக்குக் குறைவில்லை. 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ் குழுவின் பெண்கள் 11,148.5 சதுர மீட்டர் போர்வை பின்னிக் கின்னஸ் சாதனை செய்தார்கள். அத்தனை கைகள் இருக்கும் இடத்தில் நம் நுங்கும் மாம்பழமும் நம் எழுத்தில் ஏன் இன்னும் நிறைய வரக்கூடாது?

கிளம்பும்போது நுங்குப் பேட்டர்னை விலை கொடுத்து வாங்கிக்கொண்டேன். அடியில் இருந்த ஆறு பெயர்களையும் பாட்டி ஒரு தரம் சத்தமாக வாசித்தார்.

நீங்கள் யாருடைய பேட்டர்னையாவது பார்த்துப் பின்னி விற்கிறவராக இருந்தால், பொருளோடு கொடுக்கும் சீட்டில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: கணக்கு போட்டவர் இன்னார் என்று.