எருக்கலையை வெட்ட வேண்டாம்



வாற சனிக்கிழமை டெங்கு சிரமதானத்துக்குக் கத்தி, மண்வெட்டியோடு வரப்போகிற பெற்றோருக்கு முன்கூட்டியே ஒரு வேண்டுகோள். கிணற்றடிக்குப் பின்னால் வேலியோரம் நிற்கிற எருக்கலையும் ஆவரையும் பற்றை இல்லை. பிள்ளைகளும் நாங்களும் சேர்ந்து வைத்த வண்ணத்துப்பூச்சித் தோட்டம் அது.

"தோட்டம் எண்டால் பூ எங்க?" என்று ஒரு வாப்பா கேட்டார். நியாயமான கேள்விதான். தேன் குடிக்க வண்ணத்துப்பூச்சிக்குப் பல பூக்கள் உதவும். முட்டையிட மட்டும் ஒவ்வொரு இனத்துக்கும் அதற்கென்று சில செடிகள்தான். செம்மஞ்சள் சிறகில் கறுப்பு ஓரம் போட்ட ஒன்று மாரி விட்டதும் நம் ஊரெல்லாம் பறக்குமே, அது எருக்கலையைத் தேடும். மஞ்சளாய்ப் பறக்கிறவைக்குக் கொன்றையும் ஆவரையும். பெரிய கறுப்புக்குத் தேசியும் கறிவேப்பிலையும். ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிவைக்கும் குரோட்டனில் இவற்றில் எதுவும் முட்டையிடாது.

அதனால் எருக்கலை இலையில் ஓட்டை விழுந்தால் எங்களுக்குச் சந்தோசம். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரி போட்ட புழு அந்தப் பாலின் நஞ்சைத் தன் உடம்பிலேயே சேர்த்துவைக்கிறது. பறவைகள் கிட்டப் போகாது. கறிவேப்பிலைப் புழு இன்னும் கெட்டிக்காரன்: சின்னதில் பறவை எச்சம் மாதிரியே இருக்கும், தொட்டால் தலையில் கொம்பு நீட்டி மணம் விடும். நாலாம் வகுப்பு இடைவேளையில் இப்போது அங்கேதான் நிற்கிறது. (எருக்கலைப் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. பார்க்கலாம், இலை முறிக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறோம். நீங்களும் சொல்லுங்கள்.)

டெங்குவை நாங்கள் லேசாக எடுக்கவில்லை. போன மாரியில் எங்கள் பிள்ளைகள் இருவர் வார்டில் கிடந்தார்கள். ஆனால் அந்த நுளம்பு முட்டையிடுவது தேங்கிய தண்ணீரில். சிரட்டை, யோகட் கப், பழைய டயர், அடைபட்ட பீலி, இவற்றைத்தான் முதலில் தேட வேண்டும். போன முறை இவை அப்படியே கிடக்க, செடிகள்தான் அடியோடு போயின. புழுக்களும் அதோடு போயின. திங்கட்கிழமை பிள்ளைகளுக்குப் பதில் சொன்னது நாங்கள்.

இன்னொன்று. 1990இல் வெளியேற்றப்பட்டதால் நம்மில் ஒரு பகுதி புத்தளத்தில் வளர்ந்தது. இன்னொரு பகுதி இங்கேயே, "பற்றைக்குள்ள போகாத, மிதிவெடி" என்று கேட்டு வளர்ந்தது. இரண்டு பகுதிக்குமே இந்தக் காட்டுச் செடிகளின் பெயர் சரியாக வந்து சேரவில்லை. மூத்தம்மாமாருக்கும் அம்மம்மாமாருக்கும் தெரியும். எங்களுக்குக் குருந்தைக் காட்டித் தந்ததும் முள்ளியவளைப் பக்கத்து அம்மம்மா ஒருவர்தான். அவர்களையும் சனிக்கிழமை கூட்டி வாருங்கள். வெட்ட இல்லை, பெயர் சொல்ல.

அந்த மூலையைச் சுற்றிப் பச்சைக் கயிறு கட்டியிருப்போம். சிவப்பு நாடா வேண்டாம் என்று நாங்களே முடிவெடுத்தோம், அதைக் கண்டால் நம் ஆட்களுக்கு வேறு ஞாபகம் வரும். கயிற்றுக்கு உள்ளே கத்தி வைக்க வேண்டாம். வீட்டில் கறிவேப்பிலைக் கன்று மிஞ்சிக் கிடந்தால் ஒன்று கொண்டு வாருங்கள், மருந்தடிக்காததாக.