புள்ளிகளால் எழுந்த பனிமலை

சாகணுக்கு மேற்கே நீளும் சகியாத்திரிதான், நம் தமிழகத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை எனப் பெயர் பெறுகிறது. ஆயினும் இங்குப் பனிச்சிகரம் ஏதும் இல்லை. கண்ணகிக்குச் சிலை வடிக்கச் சேரன் செங்குட்டுவன் இமயத்திலிருந்து கல் கொணர்ந்த செய்தியை ஆண்டுதோறும் கற்பிக்கும் நான், இமயத்தை நேரில் கண்டதில்லை. அந்த ஏக்கத்தால், விடுமுறை நாள்களில் எண்ணெய் வண்ணங்களைக் கொண்டு ஒரு பனிமலையைத் தீட்டத் தொடங்கினேன்.

நான் தேர்ந்தது புள்ளியோவிய முறை. பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் சூரா, 1884 முதல் 1886 வரை ஒரே ஓவியத்தில் உழைத்து, வண்ணங்களைக் குழைக்காமல் சிறு புள்ளிகளாக அருகருகே இடும் முறையை உலகிற்குக் காட்டினார். ஆல்ப்ஸ் மலைகளைத் தீட்டிய ஜொவான்னி செகன்டீனியோ, புள்ளிகளுக்கு மாற்றாக மெல்லிய கோடுகளை இட்டார். 1899இல் மலைமீது தங்கி ஓவியம் தீட்டுகையில் நோயுற்று, அங்கேயே உயிர்நீத்தார்.

பனி முழுதும் வெண்மையன்று. வெயில் படும் சரிவில் இளமஞ்சளும் நிழலில் நீலமும் தோன்றும். நீலத்தின் அருகே செம்மஞ்சள் புள்ளி வைத்தால், ஒன்று மற்றொன்றை ஒளிரச் செய்யும். ஆனால் ஈரம் காயுமுன் அவை தொட்டுக்கொண்டால், குழைந்து மங்கிவிடும். எண்ணெய் வண்ணம் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று இறுகப் பல நாள்கள் ஆகும். பொறுமையே இக்கலையின் முதற்பாடம். உங்கள் பாடநூலின் வண்ணப்படம் ஒன்றை உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்குங்கள். அதுவும் புள்ளிகளின் கூட்டமே என்பதை அறிவீர்கள்.

ஒருநாள் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி படத்தருகே வந்து, "வெறும் புள்ளிகள்தாமே, ஐயா!" என்றாள். பத்தடி பின்னால் சென்றதும், "மலை!" என வியந்தாள். பின்னர்த் தயங்கியவாறு, "வீட்டில் தமிழ், தெருவில் மராத்தி, பள்ளியில் இந்தி பேசுகிறேன். ஊருக்குப் போனால் என் தமிழைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். நான் எந்த ஊர்க்காரி, ஐயா?" என்று வினவினாள்.

உடனே விடை கூற இயலவில்லை. இருவரும் படத்தையே சற்று நேரம் நோக்கினோம்.

"இதில் மஞ்சளும் நீலமும் தத்தம் நிறத்தை இழந்தனவா?" என்று கேட்டேன்.

"இல்லை, ஐயா."

"உன் மொழிகளும் அவ்வாறே இருக்கட்டும். எதையும் அழிக்க வேண்டா. தமிழ்ப் புள்ளிகளை மட்டும் எடுத்துவிட்டால், உன் மலையில் ஓரிடம் வெறுமையாகிவிடும்."

மறுநாள் அவள், ஊரிலிருக்கும் தன் பாட்டிக்குத் தமிழில் எழுதிய மடலைக் கொணர்ந்தாள். நான்கே வரிகள். இரண்டு பிழைகளைத் தானே கண்டு திருத்தி, அஞ்சல் பெட்டியில் சேர்த்தாள்.