நிறம் பார்த்துப் பாம்பு வாங்குதல்

மாடு வாங்கச் செல்பவன் சுழி பார்ப்பான். பல்லைப் பிடித்துப் பார்ப்பான். நாய்க்குட்டி வாங்குபவன் சாதி கேட்பான். பாம்பு வாங்கச் செல்பவன் எதைப் பார்ப்பான்? பாம்பை விலைகொடுத்து வாங்கி வீட்டில் வளர்ப்பதென்பதே தமிழ் வாசகர் பலருக்கு வியப்பைத் தரலாம். ஆயினும் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அது பல்லாண்டுகளாக வேரூன்றிவிட்ட வழக்கமாகும். முதன்முறையாகப் பாம்பு வளர்க்க விழைவோர்க்கு அங்கு பெரும்பாலும் பரிந்துரைக்கப்படுவது சோளப்பாம்பு. அதனை வாங்கச் செல்பவர் முதலிற் பார்ப்பது நிறத்தையே.

சோளப்பாம்பு அந்நாட்டின் தென்கிழக்குப் பகுதிக்குரியது. வடக்கே நியூ ஜேர்சி தொடக்கம் தெற்கே புளோரிடாவின் தீவுகள் வரை அது வாழ்கின்றது. நஞ்சற்றது, இரையைச் சுற்றி இறுக்கிக் கொல்வது, சாரைப்பாம்பு சேர்ந்துள்ள பெருங்குடும்பத்தைச் சேர்ந்தது, சாரையைப் போலவே எலிகளைத் தேடி மனிதர் இருப்பிடங்களை அண்டி வருவது. 1766இல் லின்னேயசு அதற்கு வைத்த இலத்தீன் பெயருக்குப் 'புள்ளிகளுடையது' என்பது பொருள். சோளம் என்ற பெயர் வந்தமைக்குக் காரணங்கள் இரண்டு கூறுவர். சோளக் களஞ்சியங்களில் எலி பிடிக்க வந்து உழவர் கண்ணிற் பட்டதால் வந்ததென்பது ஒன்று. அதன் வயிற்றில் மாறிமாறி அமைந்த கருமையும் வெண்மையுமான கட்டங்கள் பன்னிறச் சோளமணிகளை ஒத்திருப்பதால் வந்ததென்பது மற்றையது. எது உண்மையாயினும், இரண்டாவது விளக்கத்தைக் கூறியவர் பாம்பைப் புரட்டி வயிற்றைப் பார்க்கத் துணிந்தவராக இருந்திருத்தல் வேண்டும்.

இயற்கையில் அதன் முதுகு செம்மஞ்சளோ கபிலமோ ஆனது. அதன்மேற் கருங்கரையிட்ட செந்நிறத் திட்டுகள் வரிசையாக அமைந்திருக்கும். காய்ந்த இலைகளின் நடுவே அது கிடக்குமாயின் கண்டுபிடித்தல் அரிது. இந்நிறமே அதற்குக் காவல். இந்நிறமே அதற்குக் கேடும் ஆகின்றது. அப்பகுதியில் 'செப்புத்தலையன்' எனப்படும் நச்சுப்பாம்பொன்று உண்டு. அதுவென மயங்கித் தோட்டத்திற் கண்ட சோளப்பாம்பை மண்வெட்டியால் வெட்டிப்போடுவோர் பலர்.

இத்தகைய பாம்பு எவ்வாறு பல வண்ணப் பண்டமாயிற்று? 1950களில் வட கரோலைனாவில், கருநிறம் அறவே இல்லாத சோளப்பாம்பொன்று காட்டிற் பிடிபட்டது. ஜோர்ஜியா மாநிலத்தில் வாழ்ந்த பேர்னாட் பெக்டெல் என்பவர் அதனைக் கொண்டு இனவிருத்தி செய்தார். அவர் தொழிலால் தோல்நோய் மருத்துவர். பாம்பின் தோலிலும் அவருக்கு ஆர்வம் பிறந்தமை இயல்பே. கருமையின்மை பின்னிடைவான பரம்பரை இயல்பு என்பதைத் தம் மனைவியாருடன் சேர்ந்து 1962இல் ஆய்வுக் கட்டுரையொன்றில் அவர் நிறுவினார். அப்பாம்பின் வழிவந்தவை செம்மஞ்சளும் சிவப்பும் வெண்மையுமாய், சிவந்த கண்களுடன் மிளிர்ந்தன. வளர்ப்போர் அவற்றைச் சுருக்கமாக 'அமெல்' என்பர். செந்நிறம் இல்லாத மற்றொரு வகை, கருமையும் சாம்பலுமாய்ப் புளோரிடாவின் காடுகளிலேயே காணப்பட்டது. அது 'அனெரி'. இவ்விரண்டையும் கலந்தால் முதற்றலைமுறைக் குஞ்சுகள் யாவும் காட்டுப் பாம்பின் நிறத்தையே கொண்டு பிறக்கும். அவற்றைத் தம்முள் மீண்டும் கலந்தால் சராசரியாகப் பதினாறில் ஒன்று கருமையும் செம்மையும் ஒருங்கே இழந்து வெளிறிப் பிறக்கும். அதற்குச் சூட்டிய பெயர் 'ஸ்னோ', அதாவது வெண்பனி.

இங்கு கருதத்தக்கது ஒன்றுண்டு. புதுநிறம் என்று போற்றப்படும் இவை எவற்றிலும் புதிதாக ஒரு நிறமும் சேரவில்லை. இருந்தது ஒன்று இல்லாமற் போயிற்று, அவ்வளவே. 2015இல் ஜெனீவாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அமெலின் கருமை அற்றதற்குக் காரணமான பரம்பரையலகை இனங்கண்டனர். மனிதர் சிலர் வெளிறிய தோலுடன் பிறப்பதற்குக் காரணமாவதும் அதே பரம்பரையலகுதான். ஊதா கலந்த சாம்பல் நிறமுடைய 'லெவென்டர்' வகைக்குரிய விகாரத்தையும் 2020இல் அவர்கள் கண்டறிந்தனர்.

கோடைப் பிற்பகுதியில் குஞ்சுகள் முட்டையுடைத்து வரும் பருவத்தில், ஊர்வனக் கண்காட்சிகளின் மேசைகளில் மூடியிற் துளையிட்ட சிறு கிண்ணங்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் எழுதுகோற் பருமனில் ஒரு குஞ்சு சுருண்டு கிடக்கும். மூடியில் வகையின் பெயரும் பாலும் விலையும் எழுதியிருக்கும். தந்தையின் கையைப் பிடித்து நிற்கும் சிறுமி 'பிளட்ரெட்' என்ற பெயரை வாசித்துவிட்டு உள்ளே பார்ப்பாள். இரத்தச் சிவப்பு என்று பெயரெழுதிய கிண்ணத்துள் சாம்பல் படர்ந்த குஞ்சொன்று கிடக்கும். அவள் முகம் வாடிவிடும். விற்பவர் ஏமாற்றவில்லை, அச்சிவப்பு பல முறை சட்டை கழற்றி, ஆண்டுகள் கடந்தபின் ஏறுவது. அழகிற் சிறந்ததெனக் காட்டுநிறப் பிரியர் கொண்டாடும் தென் கரோலைனாவின் 'ஓக்கீட்டி' வகையும் குஞ்சில் மங்கிய கபிலமே. ஸ்னோவோ இளஞ்சிவப்புச் சாயலுடன் பிறந்து, வளர்ந்தபின் கழுத்தில் மஞ்சள் கொள்ளும். அனெரியின் கழுத்திலும் அம்மஞ்சள் தோன்றுவதுண்டு. குஞ்சின் நிறத்தைக் கண்டு வாங்குபவர் வாங்குவது அந்நிறத்தை அன்று. பெற்றோர்ப் பாம்புகளைக் காட்டும்படி கேட்பதே அறிவுடைமை.

அம்மேசையில் விலை குறைந்தது பெரும்பாலும் காட்டுநிறக் குஞ்சே. தோட்டத்திற் கண்டால் நஞ்சென்று அஞ்சி வெட்டப்படுவதும், மேசையிற் கண்டால் எளிதென்று ஒதுக்கப்படுவதும் ஒரே நிறந்தான்.

நிறம் விரும்பி வாங்குவது பிழையென்று கூறுதற்கில்லை. நன்கு பேணினால் பதினைந்து, இருபது ஆண்டுகள் வாழக்கூடிய உயிர் அது. இத்துணைக் காலம் கூட இருக்கப்போவது கண்ணுக்கு உவப்பாக இருத்தல் நன்றே. பத்து வயதிற் குஞ்சை வாங்கும் சிறுமி பல்கலைக்கழகம் செல்லும் நாளிலும் அது உயிரோடிருக்கும். அப்போது வாரந்தோறும் எலியை உறைநிலையிலிருந்து இளக்கிக் கொடுக்கப்போகிறவர் தந்தையாகவே இருத்தல் கூடும். ஆகவே தந்தைக்கும் அத்தெரிவில் ஒரு வாக்கு உண்டு. அவர் கேட்கவேண்டிய வினா நிறத்தைப் பற்றியதன்று: இக்குஞ்சு தானாக இரை உண்டதா? எத்தனை முறை உண்டது?

அதுவே முதன்மையான வினா. சோளப்பாம்புக் குஞ்சுகளிற் சில, பிறந்தவுடன் எலிக்குஞ்சை ஏற்க மறுத்துப் பல்லியையே நாடும். பிளட்ரெட் வகையின் தொடக்ககாலக் குஞ்சுகள் இதிற் பெயர்பெற்றவை. நிறத்துக்காக நெருங்கிய உறவுகளுக்குள்ளேயே இனவிருத்தி செய்தமையின் விளைவு அதுவென்பர். உண்ணாத குஞ்சு அனுபவமிக்கவர் கையிற் பிழைத்தாலும் பிழைக்கும். முதன்முறை வளர்ப்போர் கையில் மெலிந்து மடிதலே பெரும்பாலும் நிகழ்வது. நேர்மையான விற்பனையாளர் இரையூட்டிய நாட்களைக் குறித்து வைத்திருப்பார். குறிப்பு இல்லாதவரிடம், நிறம் எத்துணை அழகாயினும், வாங்காமல் நகர்தல் நலம். உடல் உருண்டு திரண்டிருக்கின்றதா, கண் தெளிவாக உள்ளதா, கையில் எடுத்தால் நாவை நீட்டி நகர்கின்றதா என்பவற்றையும் பார்த்துக்கொள்ளலாம். குணத்துக்கும் நிறத்துக்கும் தொடர்பில்லை. அமெலும் காட்டுநிறமும் ஒன்றுபோலவே பழகும்.

எந்நிறத்தை வாங்கினாலும் முதல் வாரம் அக்குஞ்சைக் கையில் எடுக்கலாகாது என்பது வளர்ப்போர் விதி. கண்ணாடிப் பெட்டியின் ஒருபுறம் இதமான சூடு, மறுபுறம் குளிர்ச்சி, ஒரு கிண்ணம் நீர், ஒளிந்துகொள்ள ஒரு மரப்பட்டை ஆகியன போதும். பகல் முழுவதும் அது பட்டையின் அடியிலேயே கிடக்கும். நிறத்துக்காக நாள் முழுவதும் மேசைமேசையாய் அலைந்த சிறுமி பாடசாலை விட்டு ஓடிவந்து பெட்டியுள் நோக்குவாள், காண்பது மரப்பட்டையைத்தான். பொழுது சாய்ந்தபின், பட்டையின் விளிம்பில் ஒரு சிறு மூக்கும் அதன் முன் துடிக்கும் நாவும் தோன்றும்.