மதுரவாயல் ஜானகி அம்மாளும் 112 குரோமோசோமும்

ஆபீஸ்ல ஆணி அதிகம், அதான் பதிவு போட்டு நாளாச்சு. இன்னிக்கு கொஞ்சம் தாவரவியல். பயப்படாதீங்க, கடைசில பரீட்சை எல்லாம் கிடையாது.

நவம்பர் 4 வந்தா ஒரு ஃபார்வர்டு சுத்தும். 'இந்தியக் கரும்பை இனிக்க வெச்ச பெண்மணி, ஜானகி அம்மாள் பிறந்தநாள்'னு. அதுல சில பேர் 'கோ 205' கரும்பை உருவாக்கினதே அவங்கதான்னு ஒரு வரியையும் சேர்த்துடுறாங்க.

கணக்கு உதைக்குதே சாமி! அவங்க பொறந்தது 1897, தலைச்சேரியில. கோ 205க்கான கலப்பு நடந்தது 1912. அது விவசாயிங்க கைக்கு வந்தது 1918. அவங்க கோயமுத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்துல சேர்ந்ததோ 1934. கோ 205 சி.ஏ. பார்பர், டி.எஸ். வெங்கட்ராமன் காலத்து சரக்கு.

அப்போ ஜானகி அம்மாள் என்னதான் செஞ்சாங்க? அதுக்குத்தான் இந்தப் பதிவு. அவங்க கடைசி காலத்துல நம்ம ஏரியாக்காரங்க வேற. அதுக்கு அப்புறமா வர்றேன்.

முதல்ல ஒரு சின்ன கணக்கு. ஸ்கூல் பி.டி. பீரியட்ல வாத்தியார் 'ஜோடி சேருங்க'ம்பார் இல்லையா, அந்த மாதிரி விதைக்கான செல் உருவாகும்போது குரோமோசோம்கள் ஜோடி ஜோடியா நிக்கணும். அப்பதான் சரிபாதியா பிரிய முடியும்.

மாடு வெச்சிருக்கிறவங்ககிட்ட கேட்டா கம்பு நேப்பியர் தீவனப்புல் பத்தி சொல்வாங்க. கம்புக்கு 14 குரோமோசோம், நேப்பியர் புல்லுக்கு 28. ரெண்டையும் கலந்தா 7 + 14 = 21. இதுல ஏழு ஏழு சேர்ந்து ஜோடி ஆயிடும், மிச்ச ஏழும் ஜோடி இல்லாம முழிக்கும். அதனால விதை கட்டாது. கரணை வெட்டி நட்டுத்தான் பெருக்கணும். ஆனா தழை? அறுக்க அறுக்க வரும். நம்ம பூவன், ரஸ்தாளி வாழையும் இப்படித்தான், 11 மூணு தடவை, ஆக 33. பழத்துக்குள்ள தெரியிற கறுப்புப் புள்ளிங்க எல்லாம் விதையாக முடியாம போனதுங்க. பீருக்குக் கசப்பு குடுக்கிற ஹாப்ஸ் கொடியிலயும் இதே வித்தையைப் பண்ணித்தான் 1976ல அமெரிக்காவுல 'வில்லமெட்'னு விதையில்லாத ரகத்தைக் கொண்டு வந்தாங்க.

இப்போ கரும்புக்கு வருவோம். தடியான, சாறு நிறைஞ்ச கரும்புக்கு 80 குரோமோசோம். வாய்க்கா ஓரத்துல தானா வளர்ற பேய்க்கரும்பு இருக்கு பாருங்க, ஒல்லியா, கட்டையா, சப்புன்னு, அதுல கோயமுத்தூர் வகைக்கு 64. முன்னது சொகுசு, வடநாட்டுக் குளிரும் வறட்சியும் தாங்காது. பின்னது எதையும் தாங்கும், ஆனா இனிப்பு கிடையாது. ரெண்டையும் கலந்ததுதான் கோ 205. கோயமுத்தூர் சீதோஷ்ணத்துல கரும்பு நல்லா பூக்கும், விதையும் கட்டும், அதனாலதான் நிலையமே அங்க வந்துச்சு.

சரி, பிள்ளைக்கு எத்தனை இருக்கணும்? 80ல பாதி 40, 64ல பாதி 32. மொத்தம் 72. ஆனா எண்ணிப் பார்த்தா 112! அம்மா கரும்பு பாதியைக் குடுக்காம தன்னோட 80ஐயும் அப்படியே தூக்கிக் குடுத்திருக்கு. 80 + 32 = 112. அம்மான்னா சும்மாவா!

இந்த மாதிரி விநோதமான கணக்கு போடுற ஒரு செடிக்குள்ள என்ன நடக்குதுன்னு தெரியாம குத்துமதிப்பா எத்தனை நாள் கலந்துக்கிட்டிருக்க முடியும்? மைக்ரோஸ்கோப்ல உக்காந்து எண்ண ஆள் வேணும். அந்த ஆள்தான் ஜானகி அம்மாள். 1931லயே மிச்சிகன் பல்கலைக்கழகத்துல டாக்டர் பட்டம் வாங்கினவங்க. கோயமுத்தூர்ல பேய்க்கரும்பு வகைகளை எண்ணினாங்க. கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்த செடியைப் பத்தி 1938ல 'நேச்சர்' இதழ்ல எழுதினாங்க. கரும்பு-மூங்கில் கலப்புல கூட எண்ணிப் பார்த்திருக்காங்க.

கல்யாணம் பண்ணிக்காத ஒத்தைப் பொம்பளை, அதுவும் தீயர் சமூகம். கூட வேலை பார்த்தவங்க சும்மா விட்டிருப்பாங்களா? அங்க அவங்க பட்ட கசப்பைப் பத்தி வரலாறு எழுதினவங்க குறிச்சு வெச்சிருக்காங்க. 1939ல ஒரு மாநாட்டுக்கு எடின்பரோ போனாங்க, உலகப்போர் வந்துச்சு, அங்கேயே தங்கிட்டாங்க. 1945ல சி.டி. டார்லிங்டனோட சேர்ந்து, பயிர்ச் செடிகளோட குரோமோசோம் எண்ணிக்கையைத் தொகுத்து ஒரு பெரிய புத்தகமே போட்டாங்க.

அப்புறம் விஸ்லி தோட்டத்துல வேலை. அங்க மக்னோலியா நாற்றுகளுக்கு கால்ச்சிசின்னு ஒரு மருந்தைக் கொடுத்துப் பார்த்தாங்க. அது செல் பிரியறதைத் தடுத்துடும். குரோமோசோம் ரெட்டிப்பாகும், ஆனா செல் ஒண்ணாவே நிக்கும். அதுல வந்த ஒரு மக்னோலியாவுக்கு இன்னிக்கும் அவங்க பேர்தான். அந்த கால்ச்சிசின் நம்ம மாநிலப் பூ செங்காந்தளோட விதையிலயும் கிழங்குலயும் இருக்குங்கிறது கூடுதல் தகவல்.

1951ல நேரு கூப்பிட்டு ஊருக்குத் திரும்பினாங்க. தாவரவியல் ஆய்வுத் துறையைச் சீரமைக்கிற வேலை. எல்லாம் முடிஞ்சு, 1970ல சென்னைப் பல்கலைக்கழகத்தோட மதுரவாயல் கள ஆய்வுக்கூடத்துக்கு வந்து சேர்ந்தாங்க. ஆமாங்க, பூந்தமல்லி ஹைரோட்ல நாம வண்டியை நியூட்ரல்ல போட்டுட்டு சிக்னலைத் திட்டுற அதே மதுரவாயல்! மூலிகைத் தோட்டம் போட்டு, செடிகளோட குரோமோசோமை எண்ணிக்கிட்டு, எண்பது வயசுக்கு மேல அமைதிப் பள்ளத்தாக்கைக் காப்பாத்தவும் குரல் குடுத்துக்கிட்டு இருந்தாங்க. 1984 பிப்ரவரியில, 86 வயசுல, இங்கதான் இறந்தாங்க. அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவானது அதே வருஷம் நவம்பர்ல. பார்க்கக் குடுத்து வெக்கலை.

எனக்கு உறுத்துறது இதுதான். செய்யாத ஒண்ணை அவங்க தலையில கட்டிப் பெருமைப்படுறோம், செஞ்சதை எல்லாம் மறந்துட்டோம். பார்பர், வெங்கட்ராமன் பேரும் போச்சு, இவங்களோட உழைப்பும் போச்சு. 'ஒரு பெண் சர்க்கரையை இனிக்க வெச்சாங்க'ன்னா ஃபார்வர்டு பண்ண சுலபமா இருக்கு. 'ஒரு பெண் அம்பது வருஷம் பொறுமையா எண்ணிக்கிட்டே இருந்தாங்க'ன்னு சொன்னா யாரு லைக் போடுவா? ஆனா அந்த எண்ணிக்கைதான் விஞ்ஞானம்.

இன்னொண்ணு. நம்ம ஊர்ல சுத்தம், கலப்படம்னு ரெண்டு வார்த்தையை வெச்சுக்கிட்டு மனுஷங்களையே தரம் பிரிக்கிறோம். அவங்களோட அம்மாவழித் தாத்தா ஒரு வெள்ளைக்கார ரெசிடென்ட். அந்தக் காலத்துல அதுக்கு என்ன பேச்சு எல்லாம் கேட்டிருப்பாங்களோ. வாய்க்கா ஓரத்து நாணல் சேராம இருந்திருந்தா கோ கரும்பே கிடையாதுங்கிறதை அவங்களை விட யாருக்கு நல்லா தெரிஞ்சிருக்கும்?

எழுபதுகள்ல, எண்பதுகளோட ஆரம்பத்துல சென்னைப் பல்கலைக்கழகத்துல தாவரவியல் படிச்சவங்க உங்க வீட்டுல, தெருவுல யாராவது இருந்தா கேட்டுப் பாருங்க. மதுரவாயல்ல அவங்களை நேர்ல பார்த்திருந்தா பின்னூட்டத்துல நாலு வரி எழுதச் சொல்லுங்க. அந்தத் தலைமுறைக்கு இப்போ எழுபதைத் தொடுற வயசு. ஃபார்வர்டு திரும்பத் திரும்ப வரும், இவங்க ஞாபகம் அப்படி வராது.

டிஸ்கி: கரும்பு-மூங்கில் ஜூஸ் எங்க கிடைக்கும்னு கேட்டு யாரும் கும்மி அடிக்கப்படாது, சொல்லிட்டேன்.