பவானிக் கரையில் ஒரு குடும்பச் செபம்

கோவையிலிருந்து அன்னூர், புன்செய்ப் புளியம்பட்டி வழியாக வடக்கு நோக்கிச் செல்லும் பேருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர் ஓடிப் பவானியாற்றை நெருங்கும்போது, எதிரே மலைத்தொடர் நீலமதில் போல் எழுந்து நிற்கக் காண்கிறோம். அதன் அடிவாரத்தில் அமைந்ததே சத்தியமங்கலம். திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டையூசி வளைவுகளைக் கடந்தால், கன்னடமும் தமிழும் கலந்து ஒலிக்கும் தாளவாடிப் பகுதி. இடைப்பட்ட கானகம் 2013-இல் புலிகள் காப்பகமாயிற்று. ஊரைச் சுற்றிலும் மல்லிகைத் தோட்டங்கள். ஆயினும் நாம் வந்தது புலியைக் காணவும் அன்று, பூ வாங்கவும் அன்று. தோட்டத்துக்கு ஒரு வீடாகச் சிதறி வாழும் நம் மக்கள், தம் பிள்ளைகளை விசுவாசத்தில் வளர்க்க எவற்றைத் துணையாகக் கொள்கின்றனர் என்று அறியவே வந்தோம்.

இவ்வூருக்கு நம் மறை புதிதன்று. பதினேழாம் நூற்றாண்டிலேயே இயேசு சபைக் குருக்கள் இங்குப் பணியாற்றினர். பின்னர் 1759-இல் போர்ச்சுக்கல் அரசு அவர்களைத் தன் ஆட்சிப் பகுதிகளிலிருந்து வெளியேற்றியது. 1773-இல் அச்சபையே கலைக்கப்பட்டது. குருக்கள் அருகிப்போன அந்நாட்களில் செபங்களைக் காத்தவர் யார்? உபதேசியாரும் வீட்டுப் பெரியோரும் அல்லவா! 1799-இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் துபுவா அடிகள் மைசூர்ச் சீமைக்குச் சென்று சிதறிய மந்தையைத் திரட்டியபோது, திரட்டுவதற்கு ஒரு மந்தை எஞ்சியிருந்ததே, அதற்குக் காரணம் இல்லங்கள்தாம். 1955-இல் உருவான உதகை மறைமாவட்டத்தைச் சேர்ந்தது இன்றைய சத்தியமங்கலம்.

பூ விவசாயியின் வீட்டில் காலைச் செபம் என்பது எளிதன்று. அரும்பு மலருமுன் பறித்தாக வேண்டும். ஆகவே விடியுமுன்னரே பெற்றோர் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்கிவிடுகின்றனர். பறித்த பூ காலையிலேயே சந்தையில் ஏலத்துக்குப் போகவேண்டும். கோடையில் அரும்பு குவியும், விலை சரியும். மார்கழிப் பனியில் விலை ஏறும், பறிக்கப் பூ இராது. ஞாயிறு என்று அரும்பு காத்திருப்பதில்லை. திருப்பலிக்கு விரைவதா, கூடையை நிரப்புவதா என்னும் போராட்டத்தை நகரத்து வாசகர் எளிதாக எடைபோட வேண்டா.

எனவே இவ்வீடுகளுக்கு எஞ்சியிருப்பது மாலைப்பொழுது. அந்த அரைமணி நேரத்திற்கு உதவுவன எவை? 1995-இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு முதலாவது. சிறுவன் தானே வாசித்துப் பொருள் கொள்ளும் தமிழ் அது. திண்டிவனம் விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு நடுநிலையத்தின் மறைக்கல்வி நூல்கள் அடுத்தவை. பிள்ளையின் பையிலேயே இருக்கும் அந்நூலைப் பெற்றோர் ஒருமுறையேனும் புரட்டிப் பார்ப்பதுண்டா? 1992-இல் திருத்தந்தை வெளியிட்ட பெரிய மறைக்கல்வி ஏடு பெற்றோரின் ஐயம் தீர்க்கும். சிறாருக்கு அதை உரக்க வாசித்தால் உறக்கமே வரும். மணிலாவிலிருந்து ஒலித்த வெரித்தாஸ் வானொலியின் சிற்றலை ஒலிபரப்பு 2018-இல் நின்றுவிட்டது. இன்று அது இணையத்தில் கிடைக்கிறது. கைப்பேசியில் கேட்கலாம்தான், ஆனால் அதே கைப்பேசி வேறு எதையெல்லாம் கொண்டுவருகிறது என்பதை நாம் சொல்லவேண்டுமா?

நூல்களால் தீராத கேள்வி ஒன்றையும் கேட்டோம். பங்குனியில் பண்ணாரி அம்மன் கோயில் குண்டம் திருவிழாவுக்கு ஊரே திரள்கிறது. “எல்லாரும் போறாங்க, நாம ஏன் போறதில்லைன்னு பையன் கேக்குறானுங்க. நான் என்னங்க சொல்றது?” என்றார் ஒரு தாய். பிறர் வழிபாட்டை இகழாமலும், நம்முடையதை மறைக்காமலும் விடை கூற அவர் தேடிய சொற்களை எந்தப் பாடநூலும் ஆயத்தமாகத் தந்துவிடாது. பெற்றோரே பிள்ளைகளின் முதன்மையான ஆசிரியர் என்று 1965-இல் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவக் கல்வி பற்றிய தன் ஏட்டில் கூறியது இத்தகைய வேளைக்கே போலும். “நீங்க என்ன சொன்னீங்க?” என்று வினவினோம். “அவங்க சாமிகிட்ட அவங்க போறாங்க, நாம ஞாயித்துக்கெழமை நம்ம சாமிகிட்டப் போறமல்ல, அப்படின்னேனுங்க. அப்ப போன வாரம் ஏன் போகலைன்னு கேட்டுப்போட்டானுங்க!” என்றார். அடுத்த ஞாயிறு முதல் பறிப்புக்கு ஒரு கூலியாளை அமர்த்தியிருக்கிறாராம்.

அன்று மாலை அவர்கள் வீட்டுச் செபத்தில் நாமும் அமர்ந்தோம். செபமாலை ஒரு பத்து மணிதான். பின்னர் மாற்கு நற்செய்தியில், முடக்குவாதமுற்றவரை நால்வர் கூரையைப் பிரித்து இறக்கிய பகுதியைச் சிறுவன் எழுத்துக்கூட்டி வாசித்தான். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி, அடுத்து நடப்பதை அவனுக்கு முன்னரே சொல்லிவிட்டார். வாசித்து முடித்தவன் தந்தையைப் பார்த்து, “கூரையைத் திருப்பி யாருங்கப்பா மேஞ்சு குடுத்தாங்க?” என்றான். தந்தை சற்று யோசித்து, “தூக்கியாந்த நாலு பேருந்தான், வேற யாரு? எந்திரிச்சு நடந்தவனும் கூட ஒரு கை குடுத்திருப்பான்” என்றார்.