ஓய்வு பெற்ற சிறகுகள்

பணி ஓய்வு பெறுகிறவருக்கு நாம் செய்யும் மரியாதைகள் பல. மாலை அணிவிக்கிறோம், பொன்னாடை போர்த்துகிறோம், நன்றித் திருப்பலி ஒப்புக்கொடுத்து, விருந்து வைத்து வழியனுப்புகிறோம். பங்குத்தந்தை என்ற முறையில் அத்தகைய விழாக்கள் பலவற்றில் நான் வாழ்த்துரை வழங்கியிருக்கிறேன். மேடையில் பேசப்படுவன எல்லாம் கடந்துபோன முப்பது ஆண்டுகளைப் பற்றியனவாகவே இருக்கும். மறுநாள் பொழுது புலர்ந்ததும் அந்த மனிதர் எதற்காக எழுந்திருப்பார் என்று எவரும் கேட்பதில்லை.

இக்கேள்வியைப் பற்றி எண்ண எனக்கு வழிகாட்டியவை விமானங்கள் என்றால் வியப்பாக இருக்கலாம். வளைகுடா நாடொன்றில் விமானப் பராமரிப்புப் பணியிலிருக்கும் எங்கள் பங்கு இளைஞர் ஒருவர், விடுமுறையில் வந்தபோது பேச்சுவாக்கில் சொன்னார்: "விமானத்துக்கு வருசக் கணக்கை மட்டும் பார்த்து வயசு சொல்ல முடியாது சாமி. எத்தனை தடவை ஏறி இறங்கிச்சுன்னு எண்ணிக்கிட்டே இருப்போம்." அவர் விளக்கியதிலிருந்து தொடங்கி, பிறகு நானாகத் தேடிப் படித்தவற்றையே இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

உயரே செல்லச் செல்லக் காற்று மெலிகிறது. ஆகவே பயணிகள் மூச்சுவிடும் பொருட்டு விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் காக்கப்படுகிறது. அந்த அழுத்தத்தால் அதன் உடல் மேலே செல்கையில் மிகச் சிறிதளவு விரிகிறது. தரையிறங்கும்போது பழைய நிலைக்குச் சுருங்குகிறது. பல்லாயிரம் முறை இவ்வாறு விரிந்து சுருங்கும் உலோகம் களைத்துப்போகிறது. பொறியியலாரும் இதனை 'உலோகச் சோர்வு' என்றே அழைக்கின்றனர். எனினும், சோர்ந்து போகுமுன்னரே ஓய்வுக்கு அனுப்பப்படும் விமானங்கள் மிகப் பல. குறைந்த எரிபொருளில் பறக்கும் புதிய வகை வந்துவிட்டது. அல்லது அடுத்த பெரும் பராமரிப்புக்கு ஆகும் செலவு விமானத்தின் விலையையே விழுங்கிவிடும். பறக்க வலிமை உண்டு; பறக்கவைப்பதுதான் கட்டுப்படியாகவில்லை.

அவ்வாறு நிறுத்தப்படும் விமானங்கள் வறண்ட நிலங்களுக்குப் போய்ச் சேருகின்றன. அமெரிக்காவின் அரிசோனா, கலிபோர்னியாப் பாலைநிலங்கள் இதற்குப் பெயர்பெற்றவை. மழையும் ஈரமும் குறைவென்பதால் உலோகம் எளிதில் அரிபடுவதில்லை. கெட்டியான தரை கனத்தைத் தாங்குகிறது. அங்கே சில காத்திருக்கின்றன, பல பிரிக்கப்படுகின்றன. முதலில் எஞ்சின்களைக் கழற்றுவர். அவற்றுக்கே விலை அதிகம். சக்கரத் தொகுதியும் கருவிகளும் சோதிக்கப்பட்டுச் சான்று பெற்று, பறந்துகொண்டிருக்கும் வேறு விமானங்களில் பொருத்தப்படுகின்றன. பிரான்சு நாட்டின் தார்ப் நகரில் 2005ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஏர்பஸ் நிறுவனத்தின் ஆய்வுத் திட்டமொன்று, பழைய விமானத்தின் எடையில் சுமார் 85 விழுக்காட்டை மீண்டும் பயன்கொள்ள இயலும் என்று செய்து காட்டியது.

உடல் முழுதாகவே மறுவாழ்வு பெறும் விமானங்களும் உண்டு. இவற்றுள் பெரும்பாலானவை சரக்கு விமானங்களாகின்றன. இருக்கைகள் அகற்றப்படும், தளம் உறுதியாக்கப்படும், சன்னல்கள் அடைக்கப்படும், பக்கவாட்டில் பெரிய கதவொன்று வெட்டப்படும். பயணிகள் விமானத்தைப் போல நாள் முழுவதும் ஓடவேண்டிய கட்டாயம் சரக்கு விமானத்துக்குப் பெரும்பாலும் இல்லை. ஆகவே எரிபொருள் சற்று மிகுந்தாலும், வாங்கிய விலை குறைவென்பதால் கணக்கு சரியாகிவிடுகிறது. சன்னலோரக் குழந்தையின் வியப்பைச் சுமந்த அதே உடல், இரவு நேரத்தில் மருந்துப் பெட்டிகளையும் கடிதப் பைகளையும் சுமந்து செல்கிறது.

இரண்டு விமானங்களின் வரலாறு என்னை ஆழமாகத் தொட்டது.

முதலாவது, போயிங் 747 வகையில் நீளம் குறைத்துக் கட்டப்பட்ட ஒன்று. 1977ஆம் ஆண்டு பான் ஆம் நிறுவனத்தின் பயணிகள் விமானமாகப் பணியேற்ற அதற்கு, அட்லாண்டிக் கடலைத் தனியாகப் பறந்து கடந்த லிண்ட்பர்க் அவர்களின் பெயரைச் சூட்டினர். பின்பு யுனைடெட் நிறுவனத்திடம் சென்று ஓய்வும் பெற்ற அதனை, 1997இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா வாங்கியது. ஜெர்மனி நாட்டின் துணையோடு அதன் பின்புறம் பெரியதொரு திறப்பு வெட்டப்பட்டு, 2.7 மீட்டர் ஆடி கொண்ட தொலைநோக்கி உள்ளே நிறுவப்பட்டது. விண்ணிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிர்களை வளிமண்டலத்தின் நீராவி மறைத்துவிடுகிறது. அந்த நீராவியில் பெரும்பகுதிக்கு மேலே, 45,000 அடி உயரம் வரை பறந்து, கதவைத் திறந்து வானத்தைப் பார்த்தது அந்த விமானம். 'சோஃபியா' என்பது அதன் புதுப் பெயர். கிரேக்க மொழியில் அச்சொல்லுக்கு ஞானம் என்று பொருள். நிலவின் வெயில் படும் பகுதியிலும் நீர்மூலக்கூறுகள் உண்டு என்று 2020ஆம் ஆண்டு அக்டோபரில் அறிவிக்கப்பட்டது அதன் கண்டுபிடிப்பே. நீர் காணப்பட்ட பெரும்பள்ளத்தின் பெயர் கிளாவியஸ். 1582ஆம் ஆண்டின் நாட்காட்டித் திருத்தத்தில் பெரும்பங்கு ஆற்றிய இயேசு சபைக் குரு கிறிஸ்டோபர் கிளாவியஸ் அவர்களின் நினைவாக அமைந்த பெயர் அது.

இரண்டாவது, கண் மருத்துவமனையாக மாறிய விமானம். வறிய நாடுகளின் கண் மருத்துவர்கள் மேற்பயிற்சிக்காகக் கடல் கடந்து செல்வது அரிது என்பதைக் கண்ட அமெரிக்க மருத்துவர் டேவிட் பேட்டன், பயிற்சி மருத்துவமனையையே அவர்களிடம் கொண்டுசெல்ல விரும்பினார். யுனைடெட் நிறுவனம் பழைய டி.சி. 8 விமானமொன்றை நன்கொடையாகத் தந்தது. 1982இல் அது 'ஆர்பிஸ்' என்னும் பெயருடன் பணியைத் தொடங்கியது. அது மூப்படைந்தபோது, பழைய டி.சி. 10 விமானமொன்று வாங்கப்பட்டு 1994 முதல் தொண்டாற்றியது. அவ்வகையில் உருவான இரண்டாவது விமானம் அதுவே. தரையில் நிற்கும் விமானத்தினுள்ளே அறுவை சிகிச்சை நடைபெறும். முன்பகுதியில் அமர்ந்திருக்கும் உள்ளூர் மருத்துவர்கள் அதனைத் திரையில் கண்டு, ஐயங்களைக் கேட்டுத் தெளிவர். விமானம் புறப்பட்டுச் சென்ற பின்னும், அவர்கள் கற்ற கலை அந்த ஊரிலேயே தங்கிவிடும். 2016இல் அப்பொறுப்பை ஃபெடெக்ஸ் நிறுவனம் நன்கொடையாக அளித்த ஒரு பழைய சரக்கு விமானம் ஏற்றுக்கொண்டது.

இவ்விரண்டு விமானங்களும் எவரது இரக்கத்தாலும் காப்பாற்றப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். "ஐயோ, பழையதாயிற்றே" என்று எவரும் அவற்றைப் பாதுகாக்கவில்லை. ஒரு தேவை முதலில் இருந்தது. அத்தேவைக்கு ஈடுகொடுக்கும் வலிமை இன்னும் இதனிடம் உண்டா என்று ஒருவர் தட்டிப் பார்த்தார். பிறகு இருக்கைகளைப் பிடுங்கினர், பக்கத்தை வெட்டினர். பழைய கோலத்தை இழக்காமல் புதிய பணி கிட்டவில்லை.

மதுரை மக்கள் இத்தகைய ஒருவரைக் கண்ணாரக் கண்டவர்கள். அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்ற மருத்துவர் கோ. வெங்கடசாமி, 1976ஆம் ஆண்டு 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். மூட்டுவாதத்தால் கோணிப்போன விரல்களைக் கத்தி பிடிக்கப் பழக்கிக்கொண்டவர் அவர். இன்று அம்மருத்துவமனையின் பெயரை உலகமே அறியும். பொன்னாடையோடு வீட்டிலிருந்திருந்தால் எவரும் அவரைக் குறை கூறியிருக்க மாட்டார்கள்.

அப்படியானால் ஓய்வே தவறா? அன்று. டி.சி. 10 விமானம் 2016இலும், சோஃபியா 2022இலும் அரிசோனாவின் டூசான் நகரிலுள்ள பீமா விமான அருங்காட்சியகத்தை அடைந்தன. இரண்டாம் வாழ்வுக்கும் முடிவு உண்டு. அம்முடிவும் மதிக்கப்பட வேண்டியதே. உடல் தளர்ந்தவரைச் சுமை தூக்கச் சொல்வது கொடுமை. ஆனால், வலிமை எஞ்சியிருக்கும் ஒருவரைக் காட்சிப்பொருளாக்கி, ஆண்டுக்கொருமுறை மேடையில் அமர்த்திக் கைதட்டுவதும் ஒருவகைப் புறக்கணிப்பேயாகும். நம் பங்குகளில் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், செவிலியர்கள், கணக்கர்கள் எத்தனை பேர்! அவர்களில் எத்தனை பேரிடம் நாம் தேவையைச் சொல்லி உதவி கேட்டிருக்கிறோம்?

75 வயது நிறைவுற்றதும் பணிவிலகல் மடலை ஆயரிடம் அளிக்குமாறு திருச்சபைச் சட்டம் பங்குத்தந்தையரைக் கேட்டுக்கொள்கிறது. ஐம்பதைக் கடந்துவிட்ட எனக்கு அந்நாள் வெகு தொலைவில் இல்லை. அன்று எனக்கு மாலை வேண்டா என்று சொல்ல மாட்டேன். மாலையை அணிவித்தவர், அதைக் கழற்றி வைத்தபின் அருகே அமர்ந்து, "சாமி, மாலை நேரத்தில் நாலு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க முடியுமா?" என்றும் கேட்பாராயின், அந்தக் கேள்வியையே பெரிய மரியாதையாகக் கொள்வேன்.