மூலத்துக்கு ஒரு ஊர்ப் பெயர்

இங்கிலாந்துக்கு வேலைக்கு வர்ற நம்ம டாக்டர்கள் ஆங்கிலத் தேர்வு, பிளாப் எல்லாம் முடிச்சுட்டுத்தான் வர்றாங்க. அந்தப் பரீட்சைகள்ல வராத ஒரு ஆங்கிலம் இங்க வார்டுல காத்துட்டிருக்கும். அதைப் பத்தித்தான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

கிழக்கு லண்டனில் வளர்ந்த பேச்சு வழக்கு, காக்னி ரைமிங் ஸ்லாங். 1859லேயே ஜான் கேம்டன் ஹாட்டன் தன் கொச்சைமொழி அகராதியில் இதைப் பதிவு செய்திருக்கிறார். விதி சுலபம்தான். ஒரு சொல்லுக்குப் பதிலா, அதே ஓசையில முடியிற வேறொரு தொடரைச் சொல்லணும். பாதங்களுக்கு 'ஃபீட்'. அதோட ஓசை ஒத்துப்போறது 'பிளேட்ஸ் ஆஃப் மீட்'. இதுவரைக்கும் பரவாயில்ல. அடுத்து, ஓசை ஒத்துப்போற அந்தக் கடைசிச் சொல்லையே வெட்டிடுவாங்க! மிச்சம் 'பிளேட்ஸ்'. ஆக, தட்டு ரெண்டும் வலிக்குதுன்னு ஒருத்தர் சொன்னா சாக்ஸைக் கழட்டிப் பார்க்கணும்.

'ஹாம்ப்ஸ்டெட்ஸ்'னா பல். 'டாம் அண்ட் டிக்'னா உடம்பு சரியில்ல. 'பிரவுன் பிரெட்'னா செத்துட்டார். நல்ல சத்தான ரொட்டிதானேன்னு தலையாட்டிடாதீங்க.

இன்னிக்கு எல்லாரும் இப்படிப் பேசறதில்ல. வயசானவங்க, அதுவும் பாதி விளையாட்டாத்தான். ஆனா நான் கவனிச்ச ஒண்ணு, எந்த உறுப்பைச் சொல்லக் கூச்சமோ அங்கதான் இந்த விளையாட்டு அதிகமா வருது.

ஒரு பெரியவர், எழுபது தாண்டினவர், 'சால்ஃபான்ட்ஸ் மறுபடி தொந்தரவு பண்ணுது, ஏதாவது களிம்பு குடுங்க'ன்னார். சால்ஃபான்ட் செயின்ட் ஜைல்ஸ் பக்கிங்ஹாம்ஷயர்ல ஒரு கிராமம். 1665 பிளேக் சமயத்துல லண்டனை விட்டு வந்து கவிஞர் மில்டன் தங்கின ஊர். ஜைல்ஸ், பைல்ஸ், அவ்ளோதான். மூலம்!

அப்போ எனக்கு இதெல்லாம் தெரியாது. 'புரியலைங்க, விளக்கிச் சொல்லுங்க'ன்னு கேட்டேன். மனுஷன் முகம் சிவந்து, சிரிச்சு, அப்புறம் விளக்க ஆரம்பிச்சார். விளக்கும்போதுதான் ரெண்டு மாசமா ரத்தம் போறது, காலைக்கடன் போற பழக்கம் மாறினது, பெல்ட்டுல புது ஓட்டை போட்டது எல்லாம் வெளிய வந்துச்சு. களிம்போட அனுப்பற விஷயம் இல்ல இது. அவசரப் பரிசோதனைக்கு எழுதினேன். மேற்கொண்டு என்ன ஆச்சுங்கறது அவரோட அந்தரங்கம், இங்க வேண்டாம்.

அந்த ஊர்லயே பிறந்த டாக்டரா இருந்திருந்தா, கூடவே சிரிச்சுட்டு களிம்பு எழுதியிருப்பாரோன்னு சில சமயம் தோணும். புரியாததும் ஒரு வசதிதான்.

நம்ம ஆளுங்களைச் சிரிக்க வேண்டாம். மாதவிடாயை 'வீட்டுக்குத் தூரம்'னு சொல்ற பாட்டிகிட்ட, வெளிநாட்டு டாக்டர் எத்தனை கிலோமீட்டர்னு கேட்பாரா மாட்டாரா?

இப்போ சாப்பாட்டுக்கு வருவோம். ஸ்பாட்டட் டிக். மாட்டுக் கொழுப்பு சேர்த்துப் பிசைஞ்ச மாவுல உலர் திராட்சை போட்டு வேகவைச்ச இனிப்பு. திராட்சைதான் புள்ளி. 'டிக்' அந்தக் காலத்துல புட்டிங்கைக் குறிச்ச சொல், இன்னிக்குக் கொச்சையில ஆணுறுப்பு. 2009ல் வேல்ஸ்ல ஃபிளின்ட்ஷயர் கவுன்சில் கேன்டீன்ல, கிண்டல் தாங்காம 'ஸ்பாட்டட் ரிச்சர்ட்'னு பேரை மாத்தி, அதுக்கும் கிண்டல் வந்து, பழைய பேருக்கே திரும்பினாங்க.

சர்க்கரை நோயாளி 'புட்டிங்கை விட்டுட்டேன்'னா, சாப்பாட்டுக்குப் பின்னாடி வர்ற எல்லா இனிப்பையும் விட்டுட்டார்னு அர்த்தம். ஆனா யார்க்‌ஷயர் புட்டிங் இனிப்பே இல்ல, வறுத்த இறைச்சியோட வர்ற மாவுப் பண்டம். பிளாக் புட்டிங்னா பன்றி ரத்தத்துல செஞ்ச சாசேஜ்.

இந்தக் கடைசி ஐட்டம் மருத்துவத்துலயும் குழப்பம் பண்ணியிருக்கு. மலத்துல மறைஞ்சிருக்கற ரத்தத்தைப் பார்க்கற பழைய குயாக் டெஸ்ட்டுக்கு மனுஷ ரத்தம், பன்றி ரத்தம்னு வித்தியாசம் தெரியாது. 2019ல இருந்து இங்கிலாந்து ஸ்கிரீனிங்ல வந்திருக்கற ஃபிட் டெஸ்ட் மனுஷ ஹீமோகுளோபினை மட்டும் பிடிக்கும். காலையில பிளாக் புட்டிங் சாப்பிட்டுட்டும் சாம்பிள் எடுக்கலாம்.

அந்தக் கிட் தபால்ல வீட்டுக்கே வரும். இங்க செட்டிலான நம்ம அப்பா அம்மாக்கள் பல பேர் 'சீ'ன்னு சொல்லி அலமாரியில போட்டுடறாங்க. இந்த வாரம் போன் பண்ணும்போது கிட் வந்துச்சான்னு ஒரு வார்த்தை கேளுங்க.